கூடையில் மூன்று பச்சை முட்டை

மார்லிஸ் ஹூட்டலா அன்று காலை செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கூடையைப் படம் பிடிக்கும்முன் உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் சரியாகப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஏரிப் பக்கமிருந்து மூன்று நாளாகப் பனி கொட்டியதில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். பள்ளிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் மார்லிஸுக்கும் அதனால் விடுப்பு. கோழிக்கு ஏது விடுப்பு? ஐந்தரைக்கே எழுந்து, ஜெபம் பண்ணி, காப்பி குடித்து, அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு, வாசலை மூடியிருந்த பனியை வாரித் தள்ளிக்கொண்டே கொட்டகைவரை போனாள். பதினாலு பெட்டைகளும் கட்டையில் தோளோடு தோள் உரசி, இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தெபோராள், யாகேல், லேயாள், நகோமி என்று எல்லாம் வேதாகமப் பெண்களின் பெயர்கள். அடுத்ததைக் கொத்துவதே பிழைப்பாக இருந்த ஒன்றுக்கு மட்டும் அதே வேதாகமத்தில் வரும் பொல்லாத ராணி யேசபேலின் பெயரை வைத்திருந்தாள். தண்ணீரை மாற்றி, வைக்கோலைக் கிளறிவிட்டு, ஒவ்வொரு கொண்டையையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் கறுக்கவில்லை. ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

பிறகுதான் போனை எடுத்தாள்.

எங்கள் வட்டாரத்தில் கோழி வளர்க்கிற இருபத்துமூன்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு போன் குழு உண்டு. பேர் 'பனிக்கொண்டை'. தினமும் காலையில் அவரவர் வீட்டுக் குளிர் எத்தனை, முந்தின நாள் முட்டை எத்தனை என்று போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுச் செய்தி. யாருக்குப் பேரன் பிறந்தாலும், யார் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாலும் முதல் வரி முட்டைதான். இந்த முறையை வைத்தவள் லினெட். குழுவைத் தொடங்கியவளும் அவளே. அவளுக்கு வியாதி முற்றிய வருடம், எல்லாரும் எழுந்ததும் எழாததுமாய் "எப்படி இருக்கே, எப்படி இருக்கே" என்று கேட்டுக் கேட்டு அவளை ஓய்த்துவிட்டார்கள். "முதல்ல என் கோழி எத்தனை போட்டுச்சுன்னு கேளுங்க, அப்புறம் என்னைக் கேளுங்க" என்று எழுதினாள். அவள் கர்த்தரிடம் போய் நாலு வருடம் ஆகிறது. முறையை யாரும் மாற்றவில்லை.

மார்லிஸ் அடுப்பு மேடையில் இருந்த கூடையைப் படம் பிடித்தாள். எட்டு என்று எண்ணினாள். "மைனஸ் பதினெட்டு. முட்டை எட்டு. பள்ளி மூடல். எல்லாரும் கூரைப் பனியை இறக்குங்க, மேல் ஜன்னலை மூடாதீங்க" என்று எழுதி, படத்தோடு போட்டுவிட்டு, ஏலக்காய் போட்டுப் பின்னிச் சுடுகிற நிசு ரொட்டிக்கு மாவு பிசையப் போனாள்.

மேல் ஜன்னலை மூடாதே என்பது அவள் வருடந்தோறும் சொல்கிற சொல். குளிர் வந்தால் மனுஷனுக்குக் கை தானாக ஜன்னலை அடைக்கப் போகும். கொட்டகையை இறுக்கி அடைத்தால் கோழியின் மூச்சு ஈரமெல்லாம் உள்ளேயே தங்கி, கொண்டையிலும் கால்விரலிலும் உறைந்து கறுத்துவிடும். மார்லிஸ் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் கோழி விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். வைத்தியருக்கு முன் அவளுக்குத்தான் போன் வரும். அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வாள், அவ்வளவுதான்.

ஐம்பத்துநாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் கேட்கவில்லை. பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார், ஒன்பது வருடம். அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரமே ஆறு குஞ்சு வாங்கினாள். வீட்டில் யாராவது காலையில் தன்னை எதிர்பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

மாவு இரண்டாவது தரம் உப்புவதற்குள் போன் அடித்தது. இரண்டு வீடு தள்ளியிருக்கிற பெர்னிஸ். எழுபது வயது, காது மந்தம், கண் மட்டும் பருந்துக் கண்.

"அடியே மார்லிஸ், பச்சை முட்டை போட்டது உன் கோழியா, இல்ல நீயா?"

"என்னக்கா பச்சை?"

"படத்தைப் பாருடி. அஞ்சு பழுப்பு, மூணு பச்சை. உன் கொட்டகையில பச்சை போடுற ஜாதி என்னைக்கு வந்துச்சு? இந்த வட்டாரத்துல பச்சை முட்டை லினெட் வீட்டுக் கோழிதான் போடும். அதாவது ரெய்னோ வீட்டுக் கோழி."

மார்லிஸ் மாவுக் கையோடு கூடையைத் திரும்பிப் பார்த்தாள். ஏரித் தண்ணீர் நிறத்தில் மூன்று முட்டை மேலேயே கிடந்தன.

நடந்தது இதுதான். லினெட்டின் வீட்டுக்காரன் ரெய்னோ, சாலை அலுவலகத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். புயல் நாளில் பதினாலு மணி நேரம் வண்டியிலேயே இருப்பான். இந்தக் குளிரில் முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எடுக்காவிட்டால் உறைந்து வெடித்துவிடும். அதனால் நவம்பரிலிருந்து அவன் வீட்டுச் சாவி ஒன்று மார்லிஸிடம் இருந்தது. முந்தின நாளும் அங்கே போய் முட்டை எடுத்தாள். அவன் வீட்டுப் பெட்டியில் வைக்க வேண்டியதைக் கோட்டின் வலது பையில் வைத்தபடி மறந்து, வீட்டுக்கு வந்து தன் கோழி முட்டை இருந்த இடது பையோடு அதையும் ஒரே கூடையில் காலி பண்ணிவிட்டாள்.

"என்னடி பேச்சையே காணோம்?" என்றாள் பெர்னிஸ். "நான் வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லவும் வேண்டாம், இருபத்துமூணு வீடும் பாத்தாச்சு. எப்ப கல்யாணம்?"

"அக்கா, லினெட் மக கிர்ஸ்டன் பாத்தாளா?"

மறுமுனையில் பெர்னிஸின் சிரிப்பு நின்றது. "ஐயோ. அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

தெரியாது. அதுதான் விஷயமே.

ரெய்னோ நவம்பரில் சபைச் சமையலறையில் தட்டு துடைத்துக்கொண்டே கேட்டான். "மார்லிஸ், ரெண்டு வீட்டுக்கு விறகு வெட்டுறதுக்கு எனக்குத் தெம்பு போதல" என்றான். அவ்வளவுதான் அவன் கேட்ட விதம். மார்லிஸுக்குப் புரிந்தது. போன குளிர்காலம் அவன் சேவலின் கொண்டை கறுத்தபோது அவள்தான் போய்ப் பார்த்தாள். லினெட் போன பிறகு அவன் மேல் ஜன்னல் நாலிலும் பழைய கம்பளத்தைத் திணித்து அடைத்துவைத்திருந்தான். அவள் ஒவ்வொன்றாய் உருவி வெளியே போட்டாள். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து அவள் வாசலில் விறகும், அவன் மேஜையில் ரொட்டியும் இருக்கத் தொடங்கின. ஆகவே அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு ராத்திரி ஜெபத்தில் கேட்டாள், மனம் அமைதியாக இருந்தது. மறுநாள் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். லினெட்டின் மகள் கிர்ஸ்டன் மனதார ஒப்ப வேண்டும். ஒப்பவில்லையென்றால் அந்த வீட்டுக்கு அவள் குடிபோகப்போவதில்லை.

மகளிடம் சொல்வது தன் வேலை என்றான் ரெய்னோ. கிறிஸ்துமஸ் போகட்டும் என்றான். பிறகு வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்கிறேன் என்றான். ஆறு ஞாயிறாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

போனில் குழுவைத் திறந்தாள். அவள் படத்துக்குக் கீழே கிர்ஸ்டனின் பெயர் இருந்தது. கிர்ஸ்டன் பக்கத்து ஊரில் வாடகை வீட்டில் இருப்பவள், கோழி வைக்க விடமாட்டார்கள். குழுவில் முட்டைக் கணக்கு போடாத ஒரே ஆள் அவள். அம்மாவின் கோழிகளைப் பார்ப்பதற்காகவே இருக்கிறாள்.

"அது எங்க அம்மா கோழி முட்டை. மார்லிஸ் டீச்சர் கூடைக்கு எப்படி வந்துச்சுன்னு யாராச்சும் சொல்றீங்களா?"

அதற்குக் கீழே தபால்காரராக இருந்த ஆர்வோ கிழவர் மட்டும், "மைனஸ் இருபத்தொண்ணு. முட்டை பூஜ்யம்" என்று போட்டிருந்தார்.

"படத்தை எடுத்துரு" என்றாள் பெர்னிஸ், இன்னும் போனை வைக்காமல். "யாரோ வித்தாங்க, வாங்கினேன்னு எழுது. ரெய்னோகிட்டயே வாங்கினேன்னு சொல்லேன். முட்டை வாங்குறது பாவமா?"

"வாங்கலையே அக்கா."

"அட, ஒரு பேச்சுக்குடி."

"நான் அவளுக்கு ஞாயிறு பள்ளியில பத்துக் கட்டளை சொல்லிக்குடுத்தவ. அதே பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டு, அவ வீட்டுக்கே போய் அம்மா மாதிரி உக்காரவா? நேர்ல போறேன்."

"இந்தப் பனியிலயா? பைத்தியமா உனக்கு? ரோடே தெரியல."

"ரோட்டை ரெய்னோ தள்ளிக்கிட்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் கையைக் கழுவினாள். மாவை ஈரத்துணி போட்டு மூடினாள். அடுப்பங்கரையிலேயே நின்று, "கர்த்தாவே, சரியான வார்த்தையைக் குடும். குடுக்க மனசில்லைன்னா, வாயை மூடிவையும்" என்று ஜெபித்துவிட்டு, பிக்கப் வண்டி சறுக்காமலிருக்கப் பின்பாரத்துக்கு நாலு மூட்டை மணலை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் சொன்னது சரிதான். மலைமேட்டுச் சந்திப்பில் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டு பனி தள்ளும் வண்டி எதிரே வந்தது. ரெய்னோ அவள் வண்டியைப் பார்த்ததும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"எங்க போற இந்தப் பனியில?"

"உன் மக வீட்டுக்கு."

ரெய்னோ தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கிழமைன்னு பேசியிருந்தோமே."

"எந்த ஞாயித்துக்கிழமை? ஆறு போயாச்சு. இன்னைக்கு முட்டை உனக்கு முன்னாடி வாயைத் திறந்துருச்சு."

"எந்த முட்டை?"

"போனைப் பாரு. பாத்துட்டு வண்டியைப் பள்ளத்துல விட்டுடாத."

அவன் பார்த்தான். காது நுனிவரை சிவந்துவிட்டது. "நானும் வரேன்" என்றான்.

"ஆம்புலன்ஸ் போற ரோடு இது. உன் வேலையை நீ பாரு. சாயங்காலம் முடிஞ்சதும் என் வீட்டுக்கு வா."

"அவ கோவக்காரி, மார்லிஸ். லினெட் மாதிரி."

"லினெட்டை எனக்கு முப்பது வருஷம் தெரியும்" என்று சொல்லி அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

கிர்ஸ்டன் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. முப்பத்தொரு வயது. பல் வைத்தியரிடம் கணக்கு எழுதுகிற வேலை. அன்றைக்கு அதுவும் மூடல். அம்மாவின் நெற்றி, அம்மாவின் முகவாய்.

"முட்டையைத் திருப்பிக் குடுக்க வந்தீங்களா டீச்சர்?"

"அதுக்கும்தான். நேத்தே உங்கப்பா வீட்டுக்குள்ள வெச்சிருக்கணும். மறந்து என் கூடையில போட்டுட்டேன்."

"மறந்தது அது ஒண்ணுதானா?"

"உள்ள வரலாமா, இங்கயே நின்னு உறையணுமா?"

கிர்ஸ்டன் விலகி நின்றாள். எங்கள் பக்கத்தில் கோபம் வேறு, காப்பி வேறு. அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே கோப்பையை நிரப்பி, சத்தம் வருகிற மாதிரி முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"நவம்பர்ல கேட்டான். நான் சரின்னேன்."

"நவம்பர்! கிறிஸ்துமசுக்கு நான் அங்க உக்காந்து இறைச்சி நறுக்குனேன். நீங்க எதிர்ல உக்காந்து, 'உருளைக்கிழங்கு எடுத்துக்கோ கிர்ஸ்டன்'னு பாத்திரத்தைத் தள்ளுனீங்க. சபையில எல்லாருக்கும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இன்னைக்குக் காலைல வரைக்கும்."

"இப்ப எனக்குத் தெரிஞ்ச அதே நிமிஷத்துல ஆர்வோ தாத்தாவுக்கும் தெரியும். நான் அந்த வீட்டுப் பொண்ணா, இல்ல குழுவுல இருபத்துநாலாவது ஆளா?"

அந்தக் கேள்வி நியாயமாக இருந்தது. மார்லிஸ் தலையாட்டினாள். "உங்கப்பா சொல்றேன்னான். மக கிட்ட அப்பன் சொல்ல வேண்டியதை நான் முந்திச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"அவரு சொல்ல மாட்டாரு. அவரைத் தெரியாதா உங்களுக்கு? அம்மாவுக்கு வந்த வியாதியையே அவரு 'கொஞ்சம் அசதி'ன்னுதான் என்கிட்ட சொன்னாரு."

"தெரியும்."

"நான் வேண்டாம்னு சொல்லிருவேன்னு ரெண்டு பேருக்கும் பயம். அதானே?"

"எனக்குப் பயம் இல்ல" என்றாள் மார்லிஸ். "நீ வேண்டாம்னா நான் அந்த வீட்டுக்கு வரப்போறதில்ல. அதை அன்னைக்கே உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன். உன் சம்மதம் இல்லாம இல்லைன்னு."

இதைச் சொன்னால் பெண்ணின் மனம் இளகும் என்றுதான் மார்லிஸ் எண்ணியிருந்தாள். கிர்ஸ்டனோ கோப்பையை நகர்த்திவிட்டு எழுந்தேவிட்டாள்.

"அது என்ன நியாயம் டீச்சர்? நான் இல்லைன்னா எங்கப்பா தனியா சூப் டப்பாவைத் திறந்து குடிச்சிக்கிட்டுக் கெடக்கணும், அதுக்கு நான் காரணம். நான் ஆமான்னா அம்மா இடத்தை நானே எடுத்துக் குடுத்த மாதிரி. ரெண்டையும் என் தலையில தூக்கி வெச்சிட்டு, உங்களுக்குப் பயம் இல்லன்னு வேற சொல்றீங்க."

இந்த இரண்டரை மாதத்தில் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று மார்லிஸுக்குத் தோன்றியதே இல்லை. நல்லது செய்கிறோம் என்ற நிச்சயத்தோடு இருந்தாள். ஜன்னலைத் திற என்று ஊருக்கெல்லாம் சொல்பவள், இந்தப் பெண்ணை எல்லாப் பக்கமும் அடைத்து உட்காரவைத்திருக்கிறாள்.

"நான் அதை யோசிக்கல" என்றாள். "தப்புதான். பாரத்தை உன் மேல வெச்சது தப்பு. நான் அதைத் திருப்பி எடுத்துக்கிறேன். நானும் உங்கப்பாவும் கல்யாணம் பண்ணிக்கப்போறோம் கிர்ஸ்டன். உன்னைக் கேக்கல, சொல்றேன். நீ கோவப்படலாம். எத்தனை நாள் வேணும்னாலும் கோவப்படு. நான் அங்க இருப்பேன், காப்பி போட்டு வெச்சிருப்பேன்."

கிர்ஸ்டன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பேசினபோது குரல் மாறியிருந்தது.

"புட்டிங் எப்ப செத்துச்சு?"

"யாரு?"

"அம்மாவோட கிழக் கோழி புட்டிங். டிசம்பர்ல இருந்து அப்பா போடுற படம் ஒண்ணுலயும் அது இல்ல. கேட்டா 'எல்லாம் நல்லாருக்கு'ங்கறாரு. செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க, பரவாயில்ல."

மார்லிஸ் கோப்பையை வைத்துவிட்டு வாயைப் பிளந்தாள். "ஐயோ என் கர்த்தாவே. அது சாகல! என் வீட்டுக் கீழறையில இருக்கு. ஹீட்டர் பக்கத்துல, ராணி மாதிரி."

"என்னது?"

"டிசம்பர் முதல் வாரம், உயரமான கட்டையில ஏற முடியாம தரையிலயே படுத்துக் கெடந்திருக்கு. விரல் உறைஞ்சுபோச்சு. உங்கப்பா அதைச் சட்டைக்குள்ள வெச்சுத் தூக்கிட்டு வந்தான். ரெண்டு விரல் போயிடுச்சு, காப்பாத்த முடியல. மத்தபடி கல்லு மாதிரி இருக்கு. துணி காயப்போட விட மாட்டேங்குது, எல்லாத்தையும் கொத்துது. உன்கிட்ட சொல்லலையா அவன்?"

"சொல்லல!" கிர்ஸ்டனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ரெண்டு மாசமா நான் அந்தக் கோழிக்கு அழுதுக்கிட்டிருக்கேன்! என்ன மனுஷன் டீச்சர் அவரு? இவரையா கட்டிக்கப்போறீங்க?"

"வேற யாரும் கேக்கலையே."

அதற்குக் கிர்ஸ்டன் வாய்விட்டே சிரித்துவிட்டாள். பிறகு கோட்டை எடுத்தாள். "வண்டியை எடுங்க. எனக்கு அதைப் பாக்கணும்."

வழி முழுக்கச் சாலையில் பனியைச் சுத்தமாகத் தள்ளியிருந்தது. மார்லிஸின் வீட்டுக் கீழறையில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் மடித்துவைத்த பழைய போர்வையில், எட்டு வயதுப் பெட்டைக்கோழி ஒன்று கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. முட்டை நிறுத்தி மூன்று வருடம் ஆன கிழம். லினெட் கடைசி நாட்களில் நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது அவள் மடியில் கிடந்தது இதுதான்.

"புட்டிங்" என்று கிர்ஸ்டன் மெதுவாகக் கூப்பிட்டாள்.

கோழி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. நொண்டி நொண்டி அருகே வந்தது. அவள் கோட்டில் பளபளத்த பித்தளைப் பொத்தானை ஓங்கி ஒரு கொத்து கொத்தியது.

"அதே திமிரு" என்றாள் கிர்ஸ்டன். கோழியைத் தூக்கி, காலைப் பிரித்துப் பார்த்தாள். விரல் போன இடம் சுத்தமாக ஆறி, தோல் மூடியிருந்தது. அவள் அதையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "தினமும் கட்டு மாத்தினீங்களா?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பொல்லாதது, உப்புத் தண்ணியில காலை வெக்கவே விடாது."

கிர்ஸ்டன் படிக்கட்டில் உட்கார்ந்தாள், கோழி மடியில். "டீச்சர், ஒண்ணு கேப்பேன். மழுப்பாம சொல்லணும். அந்த வீட்டுல எதையெல்லாம் மாத்துவீங்க?"

மார்லிஸ் யோசிக்கவில்லை. "கொட்டகையில கட்டையை இறக்குவேன். ஒரு முழம். கிழக் கோழிக்கு அது உயரம். அடுப்பங்கரையில அம்மா வெச்ச அலமாரி அப்படியே இருக்கும், எனக்கு அது கைக்கு வாகா இருக்கு. அம்மா படம் இருக்கிற இடத்துலயே இருக்கும். கூடத்துல அந்தப் பச்சைக் கம்பளம் மட்டும் போகும். என்னால அதைப் பாத்துக்கிட்டு உக்கார முடியாது."

"அந்தக் கம்பளம் அம்மாவுக்கே பிடிக்காது. அப்பா வாங்கிட்டு வந்தது. இருபது வருஷம் சண்டை."

"அப்ப அதை எரிச்சுரலாம்."

"சவுனா குளியலறை அடுப்புல" என்றாள் கிர்ஸ்டன். "நானே போடுவேன்."

மேலே வந்து மார்லிஸ் மாவை எடுத்துப் பின்னினாள். மூன்று புரி அவள் போட்டாள், கேட்காமலே இன்னொன்றைக் கிர்ஸ்டன் பின்னினாள். அது லினெட் பின்னுகிற விதம், நாலு புரி. மார்லிஸ் அதைப் பார்த்து, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து அடுப்பில் தள்ளினாள். ஏலக்காய் வாசம் வீடு முழுக்கப் பரவுகிறபோது வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. மணி மூன்றரை.

ரெய்னோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். மேஜையில் மகள், எதிரே மார்லிஸ், நடுவில் நாற்காலி முதுகின் மேல் புட்டிங். வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தவன் போல நின்றான்.

"வாங்கப்பா" என்றாள் கிர்ஸ்டன். "ஆறு ஞாயிறா என்கிட்ட ஏதோ சொல்லணும்னு இருக்கீங்களாமே. இன்னைக்கு வியாழன். பரவாயில்ல, சொல்லுங்க."

"உனக்குத்தான் தெரிஞ்சிருச்சே, கண்ணு."

"ஊருக்கே தெரியும். நீங்க சொல்லி எனக்குத் தெரியல."

ரெய்னோ மார்லிஸைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. கையில் இருந்த தொப்பியை இரண்டு தரம் சுற்றினான். வண்டியை எத்தனையோ பள்ளத்திலிருந்து மீட்டவன், ஒரு வாக்கியத்துக்கு இப்படி வியர்த்தான்.

"உங்கம்மா போன பிறகு," என்று தொடங்கினான், "நான் கொட்டகையைப் போய்ப் போய் அடைச்சேன். உள்ள சூடு இருக்கணும்னு. இவ வந்து திறந்துவிட்டா. அதுக்கப்புறம் எனக்கு... மூச்சு வருது, கிர்ஸ்டன். அவ்வளவுதான். நான் மார்லிஸைக் கட்டிக்கப்போறேன். உங்கம்மாவை மறந்துட்டேன்னு நினைச்சுக்காத. தினம் காலைல அவளுக்குத்தான் முதல்ல முட்டைக் கணக்கு சொல்றேன், கல்லறை இருக்கிற பக்கம் வண்டியை ஓட்டிக்கிட்டே."

அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை மார்லிஸ் கேட்டதில்லை. மகளும் கேட்டிருக்க மாட்டாள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இதைச் சொல்ல ஆறு வாரமா?" என்றாள். "சரி. எப்ப?"

"சாம்பல் புதனுக்கு முன்னாடி மூணு சனிக்கிழமை இருக்கு" என்றான் ரெய்னோ உடனே. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை தவசு காலம், அதில் எங்கள் சபையில் கல்யாணம் வைப்பதில்லை.

மார்லிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எண்ணியே வைத்திருக்கிறான்.

"கோழி?" என்றாள் கிர்ஸ்டன். "ரெண்டு கூட்டத்தையும் குளிர்ல ஒண்ணா அடைக்க முடியாது. அடிச்சுக் கொன்னுக்கும். பனி உருகி வெளிய விட இடம் கிடைக்கணும். நடுவுல வலை கட்டி ரெண்டு வாரம் மூஞ்சி பழக்கணும்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் மார்லிஸ். "என் கோழி ஏப்ரல் கடைசி வரைக்கும் இங்கயே இருக்கட்டும். நான் அங்க இருந்து ரெண்டு வேளை வந்து பாத்துக்குவேன். இப்ப இங்க இருந்து அங்க போறேன், அப்ப அங்க இருந்து இங்க வருவேன். அதே ரோடு."

"தள்ளி வெச்சிருப்பேன்" என்றான் ரெய்னோ.

"ரெண்டாவது சனிக்கிழமை" என்றாள் கிர்ஸ்டன். "முதல் சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கு. மூணாவதுல புயல் வந்தா ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போகும், உங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. போதகர்கிட்ட நான் பேசுறேன். நீங்க பேசுனா அடுத்த வருஷம் ஆகிடும்."

"அப்போ... சரின்னு அர்த்தமா?" ரெய்னோ இன்னும் வாசல் மிதியடி மேலேயே நின்றான்.

"என்கிட்ட யாரும் கேக்கலப்பா. டீச்சர் சொல்லிட்டாங்க, சொல்லத்தான் வந்தேன், கேக்க வரலன்னு." கிர்ஸ்டன் எழுந்து அப்பாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆனா கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். உடனே இல்ல. ரெண்டு நாள் கத்திட்டு. இப்ப பூட்ஸைக் கழட்டுங்க, தரையெல்லாம் பனி."

மார்லிஸ் அதற்குள் துணியை எடுத்துவந்து அவன் காலடியில் போட்டிருந்தாள்.